நல்லூரில் ஒரு நேர்கோடு

வெள்ளிக்கிழமை, காலை 6.40. வவுனியா.

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் ஏ-ஒன்பது வீதியால் ஏறக்குறைய நூற்று நாற்பது கிலோமீற்றர். பஸ் சொன்ன நேரத்துக்கே வெளிக்கிட்டது. நானும் மனைவி வதனியும் இடப்பக்கம் மூன்றாவது இருக்கையில் இருந்தோம். யன்னலோரத்தை நான் பிடித்துக்கொண்டேன். அது பிழை என்பது மாங்குளத்தில்தான் தெரிந்தது.

விளங்குவதற்கு என் இடக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேற்கையின் பின்புறத்தில், பத்து ரூபாய் நாணயக் குற்றியைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை வில்லை ஒன்று ஒட்டியிருக்கிறது. அதன் அடியிலிருந்து மயிரிழை போன்ற ஒன்று தோலுக்குள் போய், உடம்பிலுள்ள சீனியை அளந்து, நிமிடத்துக்கு நிமிடம் என் போனுக்குச் சொல்லும். சென்சர் என்பார்கள். பிரான்சில் இருக்கும் மகள் சித்திரையில் வந்தபோது ஒன்றே ஒன்று கொண்டுவந்து தந்தாள். அதன் ஆயுள் பதினான்கு நாள். போன சனிக்கிழமை ஒட்டினோம். நாளையல்ல, அதற்கடுத்த சனிக்கிழமை முழுப் பதிவையும் டொக்டரிடம் காட்ட வேண்டும். போன் அந்த அளவுகளை ஒரு கோடாக வரையும்; எழுபதுக்கும் நூற்றெண்பதுக்கும் இடையிலுள்ள பட்டையைப் பச்சை நிறத்தில் காட்டும். "நூற்றுக்கு எழுபது பங்கு நேரம் பச்சைக்குள்ளை நிண்டால் குளிசையோடை விடுறன். இல்லாட்டி இன்சுலின் ஊசிதான்" என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

எனக்கு ஊசி என்றால் பயம். கையில் ஒன்றைக் குத்தி வைத்துக்கொண்டு இதென்ன கதை என்று கேட்பீர்கள். அதை வதனி குத்தும்போது நான் கண்ணை மூடியிருந்தேன். தினமும் நானே என் வயிற்றில் குத்துவது வேறு விஷயம்.

பஸ் ஏறும்போது என் பங்கு எழுபத்தொன்று.

மாங்குளத்துக்குச் சற்று முன்னால் கண்ணயர்ந்துவிட்டேன். கை யன்னல் சட்டத்தோடு நசிந்திருக்கிறது. இந்த வில்லைக்கு ஒரு கெட்ட குணம்: அதை அமுக்கினால் சீனி குறைந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். போன் அலறியது. ஐம்பத்துநான்கு, சிவப்பு எழுத்தில். முழு பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது.

"என்னவாம்?" என்று பின் இருக்கை அம்மா கேட்டார்.

"இவருக்குச் சீனி இறங்கிப்போச்சு" என்றாள் வதனி.

"ஐயோ, பஸ்ஸை நிப்பாட்டட்டோ ஐயா?" இது கொண்டக்டர்.

"வேண்டாம் தம்பி. கை நசிஞ்சதாலை வந்த பிழை. விரலிலை குத்திப் பாத்தால்..." என்று நான் சொல்லி முடிக்கவில்லை. பின் இருக்கை அம்மா இரண்டு தோடம்பழ இனிப்பை உரித்து வதனியிடம் கொடுத்தார். வதனி ஒன்றன்பின் ஒன்றாக என் வாய்க்குள் வைத்தாள். முன்னால் இருந்த ஒருவர் குளிர்ந்த சோடாவை நீட்டினார். இவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்க, குடிக்காமல் விடுவது மரியாதையாக இருக்காது. குடித்தேன். பிறகு விரல் குத்தும் மெசினை எடுத்துப் பார்த்தேன். அதிலும் ஓர் ஊசிதான்; ஆனால் அதை அமத்துவது வதனி. சோடா இரத்தத்தில் சேருவதற்கு முன்பே நூற்று முப்பத்தொன்று. ஆனையிறவைக் கடக்கும்போது இருநூற்றுப் பதினெட்டு. உப்பளம் வெயிலில் வெள்ளையாக மின்னியது. நான் அதைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை, காலை 10.25. நல்லூர்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து நல்லூருக்கு ஓட்டோ நானூறு ரூபாய். வதனியின் தமக்கை தவமக்காவின் வீடு கோயிலுக்குத் தெற்கே, ஒரு டியூசன் கொட்டிலுக்கு அடுத்த ஒழுங்கையில். படலையருகே நிறுத்தியிருந்த பெடியளின் சைக்கிள்களை நகர்த்தித்தான் உள்ளே போக முடிந்தது.

தவமக்காவின் கணவர் சிவராசா அண்ணை என் சகலன். கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் தபால் கந்தோரில் திகதி முத்திரை குத்திக் காலம் தள்ளியவன். அவருக்கும் எனக்கும் ஒரே வருடத்தில்தான் சீனி வருத்தம் கண்டது. இதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் எனக்கு முன்னால். கல்யாணத்தில், வீடு கட்டியதில், பேரப்பிள்ளையில். இப்போது சென்சரிலும். கனடாவில் இருக்கும் அவருடைய மகன் ரமணன் மாசி மாதம் வந்தபோது ஒரு பெரிய பெட்டி நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஒன்று முடிய அடுத்தது. எனக்கோ ஒன்று.

"வாரும், வாரும். எப்பிடி உம்மடை கோடு?" என்று அண்ணை கேட்டார். மனிதர் ஆனி மாதப் புழுக்கத்தில் முழுக்கைச் சேட் போட்டிருந்தார்.

"ஏறி இறங்குது அண்ணை."

"என்ரையைப் பாரும்."

பார்த்தேன். மழைக்காலம் முடிந்து காற்று விழுந்த கடனீரேரி போல ஒரு கோடு. ஓரிடத்தில் சிறிய மேடு, மற்றப்படி நேர். என்னுடையதைப் பக்கத்தில் வைத்தால் குத்திட்டு நிற்கும் பனங்கூடல்.

வதனி இரண்டு போனையும் வாங்கிப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, அத்தானுக்கு ஆறு தசம் ரெண்டு. உங்களுக்கு இருநூற்றி நாலு."

"அது கனடாக் கணக்கு. பதினெட்டாலை பெருக்க வேணும்" என்றேன்.

அவள் மனக்கணக்கில் கெட்டிக்காரி. "பெருக்கினாலும் நூற்றிப் பன்னிரண்டுதானே."

மத்தியானம் சாப்பாடு. வெள்ளிக்கிழமை ஆகையால் மரக்கறி. சிவப்பரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, முருங்கைக்காய், பருப்பு, அப்பளம், பாயாசம், இறுதியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். நான் ஒரு அகப்பைச் சோறும் மாம்பழத்தில் ஒரு துண்டும் எடுத்தேன். அண்ணை மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டார். பாயாசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டார். மாம்பழக் கொட்டையை முழங்கை வழியே சாறு ஓடச் சூப்பினார். அப்போதும் சேட்டின் கையை மணிக்கட்டுக்கு மேல் மடிக்கவில்லை. ஒன்றரை மணித்தியாலம் கழித்து நான் இருநூற்று முப்பத்தொன்று. அவர் ஆறு தசம் ஒன்பது.

"எப்பிடி அண்ணை?"

"மனசு தம்பி. மனசை ஆறுதலாய் வைச்சிருக்க வேணும்."

பின்னேரம் சீனி போடாத பிளேன்ரீ வந்தது, பக்கத்தில் சிறு தட்டில் பனங்கட்டி. ஒரு கடி பனங்கட்டி, ஒரு வாய் தேத்தண்ணி. இங்கே அதுதான் முறை. "இது சீனி இல்லை, பனை" என்று சொல்லி அண்ணை இரண்டு முழுக் கட்டியை முடித்தார். நான் என் தேத்தண்ணியைக் கசக்கக் கசக்கக் குடித்தேன். பொறாமைப்படக்கூடாது என்று எத்தனையோ படித்திருக்கிறேன். படித்த எதிலும் ஒரு மனிதர் உங்கள் கண்முன்னே பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு ஆறு தசத்தில் நிற்பதைப் பற்றி எழுதியிருக்கவில்லை.

படுக்கப் போகையில் வதனி சொன்னாள்: "அத்தானைப் போல நீங்களும் கொஞ்சம் கவனமாய் இருந்தால் என்ன?"

என் பங்கு அறுபத்தொன்பது.

சனிக்கிழமை, காலை 6.15. மயிலிட்டி.

மீன் வாங்க மயிலிட்டித் துறைமுகத்துக்குப் போனோம். காங்கேசன்துறை வீதியால் சுற்றிப் போக இருபது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. அண்ணையின் அயலவர் ஒருவரின் வான். இராணுவக் கட்டுப்பாட்டில் நெடுங்காலம் ஆட்கள் போகமுடியாமல் கிடந்த கரை. இப்போது பலநாள் மீன்பிடிக் கலங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. டீசல் மணமும் ஐஸ் உடைக்கும் சத்தமுமாக இருந்தது. ஏலம் கூறுபவர் விலையை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார். இரண்டு கிலோ விளைமீன் எடுக்க வேண்டும் என்று சகோதரிகள் இருவரும் கூட்டத்துக்குள் போய்விட்டார்கள். நானும் அண்ணையும் கடலைப் பார்த்தபடி கற்கட்டில் இருந்தோம்.

கிணற்றடிக் குளிப்பில் என் வில்லையின் ஒரு கரை கிளம்பிவிட்டது. மேலே வதனி பிளாஸ்ரர் ஒட்டியிருந்தாள். வியர்வையில் அதுவும் கிளம்பியது. நான் அதை விரலால் அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். இது விழுந்தால் பதிவு இல்லை. பதிவு இல்லாவிட்டால் டொக்டர் யோசிக்கமாட்டார், ஊசிதான்.

"உம்மடை சாமான் தரமில்லைப் போலை" என்றார் அண்ணை. அவருக்கு அமத்திப் பிடிக்க எதுவும் இருக்கவில்லை.

அப்போது அவருடைய போன் அடித்தது. மகனின் அழைப்போ என்று நினைத்தேன். இல்லை. அந்த மூன்று தட்டு எனக்குத் தெரியும். ஏழு நாளில் என்னை அதிகம் வதைத்த சத்தம் அதுதான். போனும் வில்லையும் ஒரு அறைத் தூரத்துக்கு மேல் பிரிந்து இருபது நிமிடம் ஆனால், தொடர்பு அறுந்துவிட்டது என்று அடிக்கும். போனை விறாந்தையில் வைத்துவிட்டு நான் கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் அடிக்கும்.

ஆனால் அண்ணையின் போன் அவருடைய சேட் பொக்கற்றில் இருந்தது. கை அதற்குப் பக்கத்தில் இருந்தது.

"தொடர்பு இல்லையாம் அண்ணை."

"போன் பழசு" என்று சொல்லி அவர் அதை நிறுத்தினார். முகம் கடலைப் பார்த்தபடியே இருந்தது.

சற்று நேரத்தில் மீன் பையோடு தவமக்கா வந்து எங்களருகே நின்றார். அண்ணையின் போன் தானாகவே வேலை செய்யத் தொடங்கியது. ஐந்து தசம் நான்கு.

எனக்குக் காரணம் பிடிபடவில்லை. அவருடைய போனே அவருக்கு இணங்கி நடக்கிறது என்ற எரிச்சல்தான் வந்தது. மத்தியானம் விளைமீன் குழம்பும் பொரியலும். அவர் நேர்கோடு, நான் அறுபத்தேழு.

ஞாயிற்றுக்கிழமை, காலை 7.50. நல்லூர்க் கோயில்.

நல்லூரில் ஆண்கள் மேற்சட்டை இல்லாமல்தான் உள்ளே போகவேண்டும். அர்ச்சனைச் சீட்டு இன்றும் ஒரு ரூபாய். பின்னேரம் ஊருக்குத் திரும்ப முன் கும்பிட்டுவிட்டுப் போவோம் என்று வதனி சொல்ல, நான்கு பேரும் போனோம். அண்ணை வெளிவீதியில் நின்று கும்பிடுவதாகச் சொன்னார். வதனி விடவில்லை. "வாங்கோ அத்தான். எங்களோடை ஒருக்கா உள்ளை வந்தால் என்ன?"

சேட்டைக் கழற்றி, என் கையிலிருந்த வெள்ளை வில்லையோடும் பிளாஸ்ரரோடும் நான் உள்ளே நடந்தேன். பின்னால் வந்த ஒருவர், "உதென்ன அண்ணை கையிலை? உது கரண்டிலை வேலை செய்யிறதோ?" என்று கேட்டார். சீனி பார்ப்பது என்றேன். "உதைப் பாக்கவே பயமாய் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணை பட்டுச் சால்வையைத் தோளில் அகலமாக விரித்து, இரண்டு மேற்கையும் மறையப் போர்த்தியிருந்தார். கொடிமரத்தைத் தாண்டும்போது கோயில் தொண்டர் ஒருவர் அவரைப் பார்த்தார்.

"ஐயா, சால்வையை இடுப்பிலை கட்டுங்கோ."

சுவாமிக்கு முன் சால்வை தோளில் இருக்கக்கூடாது. இது அண்ணைக்குத் தெரியாததல்ல. அவர் ஒரு கணம் நின்றார். பிறகு சால்வையை எடுத்து இடுப்பில் சுற்றினார்.

இரண்டு கையும் வெறுங் கை. வில்லை ஒட்டிய தடம்கூட இல்லை.

தீபம் காட்டினார்கள். நான் சுவாமியைப் பார்க்காமல் அண்ணையின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மயிலிட்டியில் போன் ஏன் அடித்தது என்றும், மீன் பை வந்தவுடன் ஏன் சரியாகியது என்றும் அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. அது தவமக்காவின் கோடு.

வெளிவீதி மணலில், நிழல் விழுந்த ஓரமாக இருவரும் இருந்தோம். பெண்கள் இன்னும் உள்ளே. நான் கேட்க முன் அவரே கதைத்தார்.

"ரமணன் என்ரை கோட்டைத் தன்ரை போனிலை பாக்கிறவன். நான் இஞ்சை மத்தியானம் சோறு திண்டால் அங்கை விடியப்புறம் ரெண்டரை. எனக்கு ஏறினால் அவன்ரை போன் அடிக்கும். உடனை எனக்கு எடுப்பான். என்ன சாப்பிட்டனீங்கள் அப்பா, எத்தினை கரண்டி. நித்திரை இல்லாமல் அவன் வேலைக்குப் போறது. நிப்பாட்டடா எண்டால் நிப்பாட்டான். ஒரு நாள் தவத்தின்ரை கையிலை ஒட்டிப் பாத்தன். அண்டு முழுக்கப் போன் அடிக்கேல்லை."

"அக்கா என்ன சொன்னவா?"

"பெடியன் நித்திரை கொள்ளட்டும் எண்டவா. நாலு மாசமாய் அப்பிடித்தான்."

"உங்களுக்கு இப்ப எவ்வளவு?"

"ஆருக்குத் தெரியும்? இரவிலை மூண்டு நாலு தரம் எழும்புறன்."

இடுப்புப் பையிலிருந்து விரல் குத்தும் மெசினை எடுத்தேன். என் விரலில் குத்த வதனி வேண்டும்; அடுத்தவர் விரலில் குத்த எனக்கு ஒருவரும் வேண்டியிருக்கவில்லை. முந்நூற்றுப் பதினெட்டு. உண்மையை எழுதுகிறேன்: அந்த எண்ணைப் பார்த்தவுடன் எனக்குச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. இரண்டு நாளாகத் தொண்டையில் நின்ற பனங்கட்டி அப்போதுதான் கரைந்தது. அவருடைய முகத்தைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது. அவரும் பயந்திருந்தார். பயந்தவர் செய்வதைச் செய்தார்.

"தவத்துக்குச் சொல்லாதையும். உமக்குச் சனிக்கிழமை டொக்டர்தானே? பெட்டியிலையிருந்து ஒண்டு தாறன். வதனியின்ரை கையிலை ஒட்டும். ரெண்டு கிழமை பிந்திக் காட்டினால் என்ன? எல்லாம் பச்சையாய் இருக்கும்."

வீடு வரும்வரை அதைப் பற்றி யோசித்தேன். நன்றாகவே யோசித்தேன். வதனியின் கோடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் ஒரு கோப்பை பாயாசம் குடித்தாலும் கடனீரேரிதான்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 9.40. நல்லூர் வீடு.

மெசினைக் கழுவிய தட்டுகளுக்குப் பக்கத்தில், குசினி மேசையில், எண் தெரியும்படி வைத்தேன். அண்ணை மீது அக்கறையா, பொறாமையா என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை. தவமக்கா எடுத்துப் பார்த்தார்.

"ஆரின்ரை இது?"

தவமக்கா வதனியைப் பார்த்தார், வதனி என்னைப் பார்த்தாள், கடைசியில் எல்லோரும் அண்ணையைப் பார்த்தோம்.

"சோத்தைக் குறைச்சிட்டன் எண்டியள்" என்றார் தவமக்கா.

"குறைச்சனான்."

"மூண்டு தரம் போடுறதோ குறைப்பு? குளிசை வேலை செய்யுது எண்டு நம்பித்தானே நான் உதைச் சுமந்துகொண்டு திரியிறன். நாலு மாசமாய் இடப்பக்கம் சரிஞ்சு படுக்கேல்லை. தோல்கடி தாங்கேலாது." கையைத் தூக்கிக் காட்டினார். பழைய வில்லைகள் ஒட்டிய இடமெல்லாம் சிவந்து தடித்திருந்தது. என்னைப் போலவே இரவில் ஒரு பக்கமாகக் கிடந்த இன்னொரு ஆள் இந்த வீட்டில் இருந்திருக்கிறார். அவருக்குச் சீனி வருத்தமே இல்லை.

அவர் அறைக்குப் போய்ப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். "சேட்டைக் கழட்டுங்கோ."

அண்ணை கழற்றினார். புதிது ஒட்டினால் முதல் ஒரு மணித்தியாலம் எண் காட்டாது. அந்த நேரம் முழுவதும் நால்வரும் மேசையைச் சுற்றி இருந்தோம். யாரும் தேத்தண்ணி கேட்கவில்லை. பக்கத்து டியூசன் கொட்டிலில் மாஸ்ரர் ஒரே கணக்கை மூன்று தரம் விளங்கப்படுத்தினார்.

எண் வந்தது. பதினாறு தசம் நான்கு, மேல்நோக்கிய அம்பு. நான் பதினெட்டால் பெருக்கி முடிக்கவில்லை, போன் அடித்தது. கனடாவில் அப்போது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி.

"அப்பா? பதினாறு காட்டுது. சென்சர் பிழையோ?"

அண்ணை போனை நீட்டினார். தவமக்கா வாங்கினார். "சென்சர் சரி ரமணன். இவ்வளவு நாளும்தான் பிழை." சுருக்கமாக எல்லாவற்றையும் சொன்னார்.

அந்தப் பக்கம் ரமணன் கட்டிலைவிட்டு எழும்பும் சத்தம் கேட்டது.

"அப்ப நாலு மாசமாய் நான் பாத்தது ஆரின்ரை?"

"என்ரை."

"உங்கடை சுகர் நல்ல வடிவு அம்மா" என்றான். பிறகு குரல் மாறியது. "அப்பாவிட்டைக் குடுங்கோ. அப்பா, நான் நித்திரை கொள்ளாட்டிப் பரவாயில்லை. என்ரை சினேகிதன்ரை தமையன் அங்கை டொக்டர். இப்ப எடுத்துக் கதைக்கிறன். இண்டைக்கே போறியள். வைக்காதையுங்கோ, லைனிலை நில்லுங்கோ."

அண்ணை தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் அப்பன், ஓம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

என் போனைப் பார்த்தேன். இருநூற்றேழு. என் கோடும் பாரிசிலுள்ள மகளுக்குப் போகிறது. அவளுடைய போன் அடிக்காது. வேலை நேரத்தில் தொந்தரவு, நிறுத்திவிடு என்று நான்தான் பெரிய மனதோடு சொல்லியிருந்தேன். ஒரு தரம் சொன்னதும் அவள் நிறுத்திவிட்டாள். நேர்கோட்டைப் பார்த்துப் பட்ட பொறாமை பெரிதல்ல. முந்நூறைத் தொட்ட மனிதரைப் பார்த்து, அந்த மேசையில் எனக்கு வந்ததுதான் பெரிது.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2.30. திரும்பும் பஸ்.

இந்த முறை வலப்பக்க இருக்கை, இடக்கை நடைபாதைப் பக்கம். அண்ணை தருவதாகச் சொன்ன புதிய சென்சரை நான் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் வதனி அதை ஒட்ட விட்டிருக்கமாட்டாள் என்பதும் உண்மை. கொடிகாமத்தில் மாம்பழக் கூடைகள் ஏறின; பஸ் முழுக்க அதன் வாசனை. என் பங்கு அறுபத்தாறு. இன்னும் ஆறு நாள் பட்டினி கிடந்தாலும் அது எழுபதைத் தொடுமோ தெரியாது.

நல்லூரை யாராவது என்னிடம் விசாரித்தால், கோயில், மாம்பழம், மயிலிட்டியின் காலை வெளிச்சம் எல்லாம் சொல்வேன். வவுனியாவில் எங்கள் வீட்டில் இவை எதுவும் இல்லை. எங்கள் முற்றத்தில் ஒரு வேம்பும், விறாந்தையில் மகளின் அழைப்பு வராத ஒரு போனும் இருக்கின்றன.

கிளிநொச்சி தாண்டுகையில் வதனியின் போன் அடித்தது. தவமக்கா. வதனி நிறைய நேரம் "ஓம் அக்கா, ஓம்" என்றாள். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அத்தானைக் காட்டிட்டினமாம். இன்சுலின் தொடங்கியாச்சாம். அங்கையே தானே தன்ரை வயித்திலை குத்தினவராம். எறும்பு கடிச்ச மாதிரியும் இல்லையாம். கெட்டிக்காரர்."

எட்டு நாளாக நான் பயந்து பயந்து காத்த ஊசி. அதிலும் மனிதர் எனக்கு முந்திவிட்டார்.

"தானே குத்தினவரோ?" என்று கேட்டேன்.

"ஓமாம்."

வெளியே முறிகண்டிக் கோயிலடியில் பஸ் நின்றது. ஆட்கள் இறங்கிக் கற்பூரம் கொளுத்தப் போனார்கள். நான் இறங்கவில்லை.

"சனிக்கிழமை டொக்டர் எத்தினை மணிக்கு வாறவர்?"

"ஏழரைக்கு" என்றாள் வதனி. "ஏன்?"

"ஆறு மணிக்கே போய் முதல் நம்பர் எடுப்பம்."